தெலுக் இந்தான் மண்ணில் அதிர்வலை எப்படித் தேய்கிறது? பைத்தானில் செய்து பார்ப்போம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885இல் கட்டப்பட்டது. அது சாய்ந்ததற்குக் காரணம் அடியிலுள்ள இளகிய மண். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் களிமண், சில இடங்களில் காம்புட் மண், அதாவது மட்கிய தாவரங்களால் ஆன சதுப்பு மண். அங்கே இரும்புத் தட்டைச் சுத்தியலால் அடித்து, ஜியோபோன் என்ற நில அதிர்வு உணரியில் அலையைப் பிடித்து, நிலத்தடியைப் படமெடுக்கப் போனால் அலை பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். அந்தத் தேய்வைக் கணக்கில் கொண்டுவராமல் வரையும் படத்தை நம்ப முடியாது.

தேய்வை அளக்கும் எண்ணின் பெயர் கியூ (Q). கியூ குறைந்தால் இழப்பு அதிகம். இளகிய மண்ணில் 10, 20 என்றிருக்கும். கெட்டியான பாறையில் நூற்றுக்கணக்கில் போகும்.

படி 1: மில்லி வினாடிக்கு ஒரு புள்ளி என 1024 புள்ளிகள் எடுங்கள். 0.1 வினாடியில் உச்சம் வரும்படி 50 ஹெர்ட்ஸ் ரிக்கர் அலை (நடுவில் ஒரு உச்சமும் இருபக்கமும் பள்ளமும் கொண்ட சிறு துடிப்பு) ஒன்றை வையுங்கள்.

படி 2: பைத்தானின் கணித நிரலகமான நம்பையின் (NumPy) ஃபூரியர் மாற்றத்தால் அதை அதிர்வெண்களாகப் பிரியுங்கள்.

படி 3: ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் π × அதிர்வெண் × பயண நேரம் ÷ கியூ என்று கணக்கிடுங்கள். அதன் எதிர்மறையை e (ஏறக்குறைய 2.718) என்ற எண்ணின் அடுக்காக்கி, வீச்சோடு பெருக்குங்கள். கியூ 20, பயண நேரம் 0.2 வினாடி என்றால் 10 ஹெர்ட்ஸில் 73 விழுக்காடு மிஞ்சும், 50இல் 21, 100இல் வெறும் 4. தூரத்தில் வரும் உறுமி மேளத்தில் கனத்த ஒலி மட்டும் நம்மை எட்டுவதுபோல.

படி 4: இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், விடவே கூடாது. படி 3ஓடு நிறுத்தி, அதிர்வெண்களை மீண்டும் நேர அலையாகத் திருப்பி மாற்றினால் அலை இருபக்கமும் சமமாக அகலும். வர வேண்டிய நேரத்துக்கு முன்பே தலை காட்டும். இயற்கையில் அப்படி நடக்காது. தேய்வு இருக்கும் இடத்தில் வேகமும் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறியே தீரும். 1979இல் கியார்டன்சன் தந்த மாதிரி இதற்குப் போதும்: அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸால் வகுத்து, அதை 1 ÷ (π × கியூ) என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். பயண நேரத்தை அந்த எண்ணால் வகுத்தால் அந்த அதிர்வெண்ணுக்குரிய நேரம் கிடைக்கும். அந்த நேர அளவுக்கு அந்த அதிர்வெண்ணின் கட்டத்தை (phase, அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடம்) தள்ளுங்கள். பூஜ்ய அதிர்வெண்ணைத் தொடாதீர்கள், வகுத்தல் பிழை வரும். இப்போது திருப்பி மாற்றினால் அலையின் முகப்பு செங்குத்தாகவும் வால் நீண்டும் இருக்கும். களத்துப் பதிவும் இப்படித்தான் தெரியும்.

படி 5: கியூவைக் கண்டுபிடிப்பது. தொலைவிலுள்ள ஜியோபோனின் வீச்சை அருகிலுள்ளதன் வீச்சால் வகுத்து, அந்த விகிதத்துக்கு இயற்கை மடக்கை எடுத்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு ஒன்று கீழே சரியும். சரிவு, −π × நேர வித்தியாசம் ÷ கியூ. அலை பரவுவதால் வரும் வீச்சுக் குறைவு எல்லா அதிர்வெண்ணையும் ஒரேமாதிரி பாதிப்பதால் சரிவைத் தொடாது. இந்த முறையின் அழகே அதுதான். படி 1இன் அலையை அருகிலுள்ளதாகவும் படி 4இன் அலையைத் தொலைவிலுள்ளதாகவும் வைத்துப் பாருங்கள், சரிவு −0.0314 வந்தால் நிரல் சரி.

தேய்ந்ததைத் திருப்பிப் பெருக்க ஆசை வரும். மேலே சொன்ன அளவுகளில் 100 ஹெர்ட்ஸை 23 மடங்கு பெருக்க வேண்டியிருக்கும், இரைச்சலும் கூடவே 23 மடங்காகும். அதனால் பெருக்கத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். களத்திலும் ஒரே இடத்தில் 10 முறை அடித்துப் பதிவுகளைச் சராசரியாக்குங்கள், தாறுமாறான இரைச்சல் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும்.