கல்லூரி குவார்ட்டர்பேக்கின் புள்ளிவிவரங்களை எடைபோடும் முறை: தொடக்கநிலையினருக்கான விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தில் தன் அணியின் ஒவ்வொரு தாக்குதல் முயற்சியின் தொடக்கத்திலும் பந்தைக் கையில் வாங்கி, அதை யாருக்கு எறிவது என்று சில விநாடிகளுக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும், தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் வீரர் தேர்வான டிராஃப்ட்டில் 32 தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. முதல் சுற்றில் பொருத்தமற்ற குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்ட அணி அந்த இழப்பிலிருந்து மீளப் பல ஆண்டுகள் ஆகலாம். அதனால் இந்த ஓர் இடத்துக்கான வீரர்களின் எண்களே மற்ற எவரின் எண்களையும் விட அதிகமாக அலசப்படுகின்றன. அந்த எண்களை எந்த வரிசையில் படிப்பது, எதை நம்புவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். ஆட்டத்தின் அடிப்படை விதிகளும் ஒரு விரிதாளும் உங்களிடம் இருந்தால் போதும்.

முதல் படி: மொத்த எண்ணிக்கைகளைத் தள்ளி வையுங்கள்

செய்தித் தலைப்புகளில் வருபவை மொத்த யார்டுகளும் (பந்தை முன்னேற்றிய தூரம்) மொத்த டச்டவுன்களும்தான் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது). ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேஸ் கீனம் 2011 பருவத்துடன் கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது 19,217 யார்டுகளும் 155 டச்டவுன் பாஸ்களும் அவர் பெயரில் இருந்தன. இரண்டுமே அன்று சாதனைகள். ஆயினும் 2012 டிராஃப்ட்டின் ஏழு சுற்றுகளிலும் ஓர் அணிகூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எத்தனை ஆண்டுகள் ஆடினார், ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை எறிய விட்டார்கள் என்பவையே மொத்த எண்ணிக்கையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகவே எந்த எண்ணையும் எறிந்த பாஸ்களின் எண்ணிக்கையால் வகுத்த பிறகே பாருங்கள்.

இரண்டாம் படி: திருத்திய யார்டு சராசரியைக் கணக்கிடுங்கள்

ஒரே ஓர் எண்ணை மட்டும் கணக்கிட நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். பாஸ் யார்டுகளுடன் ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20 யார்டு கூட்டி, ஒவ்வோர் இன்டர்செப்ஷனுக்கும் (எதிரணியினர் பிடித்துவிடும் பாஸ்) 45 யார்டு கழித்து, கிடைத்ததை எறிந்த பாஸ்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியின் ஜோ பர்ரோ 2019-இல் 527 பாஸ்கள் எறிந்து 5,671 யார்டுகளும் 60 டச்டவுன்களும் பெற்று, 6 பாஸ்களை எதிரணியிடம் இழந்தார். 5,671 உடன் 1,200 கூட்டி 270 கழித்தால் 6,601. அதை 527 ஆல் வகுத்தால் 12.5. அதற்கு முந்தைய ஆண்டில் அதே கணக்கு அவருக்கு 7.9 மட்டுமே தந்தது.

கல்லூரி ஆட்டங்களுக்கென்று அதிகாரபூர்வமான பாஸ் திறன் மதிப்பெண் ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அந்த மதிப்பெண் யார்டுகளை 8.4 ஆலும், டச்டவுன்களை 330 ஆலும், பிடிக்கப்பட்ட பாஸ்களை 100 ஆலும் பெருக்கிக் கூட்டி, இன்டர்செப்ஷன் ஒவ்வொன்றுக்கும் 200 கழித்து, பாஸ் எண்ணிக்கையால் வகுக்கப்படுகிறது. யார்டுக் கணக்கில் சொன்னால், ஒரு டச்டவுனுக்கு ஏறத்தாழ 39 யார்டு பரிசு, ஓர் இன்டர்செப்ஷனுக்கு 24 யார்டு மட்டுமே தண்டனை, பிடிக்கப்பட்ட ஒவ்வொரு பாஸுக்கும் 12 யார்டு கூடுதல் வெகுமதி. இதனால் பந்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடும் குறும்பாஸ்கள் நிறைந்த ஆட்டமுறையில் ஆடுபவரின் மதிப்பெண் தன் தகுதிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பந்தை எதிரணியிடம் கொடுத்துவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த மதிப்பெண் போதிய அளவு காட்டுவதில்லை.

மூன்றாம் படி: சாக்குகளைத் தேடி எடுங்கள்

பாஸ் எறிவதற்குள் எதிரணியினர் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதே சாக். கல்லூரிப் புள்ளிவிவரங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் அதிகம் தவறவிடுவது இதையே. என்எஃப்எல்லில் சாக்கில் இழந்த யார்டுகள் அணியின் பாஸ் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன; கல்லூரியிலோ அவை ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. அதனால் கல்லூரி குவார்ட்டர்பேக்கின் பாஸ் எண்கள் சாக்குகளால் கறைபடாமல் தெளிவாகத் தோன்றும். அவருடைய ஓட்ட எண்கள் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். 2023-இல் எல்எஸ்யூவின் ஜேடன் டேனியல்ஸ் ஓடிச் சேர்த்ததாகப் பதிவான 1,134 யார்டுகள் இந்தக் கழிவுக்குப் பிந்தையவை என்பதை நினைவில் கொண்டால்தான் அந்த எண்ணின் கனம் புரியும்.

எத்தனை முறை வீழ்த்தப்பட்டார் என்பதை அணியின் ஆட்டக் குறிப்புகளிலிருந்து எடுத்து, எறிந்த பாஸ்களும் சாக்குகளும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள். 400 பாஸ்களும் 40 சாக்குகளும் என்றால் விகிதம் 9.1 சதவீதம். என்எஃப்எல்லின் வழக்கமான அளவு 6 முதல் 7 சதவீதம் என்பதால் இது கவலைக்குரியது. சாக்குகளுக்குக் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் சொந்த அணியின் தடுப்பு வீரர்களே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பந்தை அதிக நேரம் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் சொந்தப் பழக்கம். அணி மாறினாலும் அது அவருடனேயே வரும் என்பதால், நான் இந்த எண்ணுக்கு இன்டர்செப்ஷன் எண்ணிக்கையைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

நான்காம் படி: எத்தனை பாஸ்களிலிருந்து வந்த எண் என்று கேளுங்கள்

வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிரே லான்ஸ் 2019-இல் 28 டச்டவுன் பாஸ்கள் எறிந்து ஓர் இன்டர்செப்ஷன்கூடக் கொடுக்கவில்லை. அவருடைய திருத்திய சராசரி 11.7. ஆனால் இவை அனைத்தும் 287 பாஸ்களில், அதுவும் கல்லூரி ஆட்டத்தின் இரண்டாம் அடுக்கில் பெறப்பட்டவை. 2021-இல் மூன்றாவது இடத்தில் அவரைப் பெறுவதற்காகப் பல டிராஃப்ட் இடங்களை விட்டுக்கொடுத்த சான் பிரான்சிஸ்கோ அணி, 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று இடத்துக்கு அவரை டல்லஸ் அணிக்கு மாற்றிக்கொடுத்தது. 300 பாஸ்களில் 65 சதவீதம் பிடிக்கப்பட்டன என்றால் தற்செயலால் மட்டுமே அந்த எண் இரண்டரை, மூன்று புள்ளிகள் மேலேயோ கீழேயோ நகரக்கூடும். ஆகவே 64-க்கும் 66-க்கும் இடையே வேறுபாடு காண முயல வேண்டாம். இன்டர்செப்ஷன் போன்ற அரிய நிகழ்வுகளில் தற்செயலின் பங்கு இன்னும் பெரிது.

புள்ளிவிவர ஆய்வாளர் டேவிட் லெவின் 2006-இல் முன்வைத்த கணிப்புமுறை இரண்டே எண்களில் நின்றது: தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையும், பிடிக்கப்பட்ட பாஸ்களின் விகிதமும். அது முதல் இரண்டு சுற்றுகளில் தேர்வானவர்களுக்கு மட்டுமே உரியது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பல ஆட்டங்கள் ஆடியிருந்தால் திறன் தேடுநர்கள் அவரை நிறையப் பார்த்திருப்பார்கள். நிறையப் பார்த்த பிறகும் உயரத்தில் வைத்தால் அந்த மதிப்பீட்டில் பிழை குறைவு.

ஐந்தாம் படி: சூழலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

முதலில் வயது. பிராண்டன் வீடன் 2012-இல் முதல் சுற்றில் தேர்வானபோது அவருக்கு 28 வயது. 20 வயது எதிரணி வீரர்களுக்கு எதிரே 28 வயதுக்காரர் சேர்த்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பத்தொன்பது, இருபது வயதிலேயே சிறந்து விளங்கியவருக்குக் கூடுதல் மதிப்புத் தரலாம்.

அடுத்தது உடன் ஆடியவர்கள். பர்ரோவின் 2019 அணியில் ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் பந்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அலபாமாவில் 77.4 சதவீதப் பாஸ்கள் பிடிக்கப்பட்ட மேக் ஜோன்ஸுக்கு, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான அவ்வாண்டின் ஹைஸ்மன் விருதை வென்ற டெவான்டா ஸ்மித் துணையாக இருந்தார். இருவருமே அற்புதமான எண்களுடன் முதல் சுற்றில் தேர்வானார்கள்; அதன் பின் அவர்களின் பாதைகள் ஒன்றாக இல்லை. மட்டையாளருக்குச் சாதகமான ஆடுகளத்தில் எடுத்த சதத்தை நாம் எப்படிப் படிக்கிறோமோ, அப்படியே இவற்றையும் படிக்க வேண்டும்: சதம் சதம்தான், ஆனால் அது எங்கே எடுக்கப்பட்டது என்பதும் அதன் பகுதியே.

ஆறாம் படி: எண்கள் முடியும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாரல் 2008-இல் 626 பாஸ்களில் 5,111 யார்டுகள், 45 டச்டவுன்கள், 9 இன்டர்செப்ஷன்கள். அதே பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் மஹோம்ஸ் 2016-இல் 591 பாஸ்களில் 5,052 யார்டுகள், 41 டச்டவுன்கள், 10 இன்டர்செப்ஷன்கள். திருத்திய சராசரி முதலாமவருக்கு 9.0, இரண்டாமவருக்கு 9.2. ஹாரலை டிராஃப்ட்டில் எவரும் எடுக்கவில்லை. 2017-இல் பத்தாவது இடத்தில் தேர்வான மஹோம்ஸ் கேன்சஸ் சிட்டிக்கு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் மூன்று வெற்றிகளைத் தேடித் தந்தார். அதே டிராஃப்ட்டில் அவருக்கு முன், இரண்டாவது இடத்தில், வெறும் 13 ஆட்டங்களே தொடக்க வீரராக ஆடிய மிட்செல் டிரூபிஸ்கி எடுக்கப்பட்டார். அவருடைய சராசரியும் 9.1. மூன்று பேரையும் இந்த எண்ணால் பிரிக்கவே முடியவில்லை. மஹோம்ஸின் கை வலிமையையும், கால் தரையில் பதியாத நிலையிலும் துல்லியமாக எறியும் திறனையும் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களே கண்டுகொண்டார்கள்.

பயிற்சி: 2018 டிராஃப்ட்

இப்போது நீங்களே செய்து பாருங்கள். அவ்வாண்டு முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள். 2017 கல்லூரிப் பருவத்துக்கான திருத்திய சராசரி பேக்கர் மேஃபீல்டுக்கு 12.9, லமார் ஜாக்சனுக்கு 8.7, சாம் டார்னல்டுக்கும் ஜாஷ் ரோசனுக்கும் 8.5, ஜாஷ் ஆலனுக்கு 6.9. தேர்வான இடங்களோ முறையே 1, 32, 3, 10, 7. ஜாக்சன் ஓடியே 1,601 யார்டுகள் சேர்த்தவர் என்பதையும் சேர்த்தால், எண்களைப் படித்தவருக்கு அவர் இரண்டாவது இடத்துக்குரியவர். அவரோ அந்தச் சுற்றின் கடைசி இடத்தில்தான் எடுக்கப்பட்டார், பின்னர் 2019, 2023 பருவங்களில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அங்கே எண்கள் சரியாகச் சொல்லின. வயோமிங் பல்கலைக்கழகத்தில் 56.3 சதவீதப் பாஸ்கள் மட்டுமே பிடிக்கப்பட்ட ஆலனை அதே எண்கள் கடைசியில் வைத்தன. அவர் என்எஃப்எல்லின் முதல் பருவத்தில் 52.8, அடுத்து 58.8, மூன்றாம் பருவத்தில் 69.2 என்று உயர்ந்து, 2024 பருவத்துக்கான அதே விருதைப் பெற்றார். இத்தகைய ஏற்றம் மிக அரிது. ஆலனைப் போல் ஆகிவிடுவார் என்று சொல்லி ஒவ்வோர் ஆண்டும் முன்னிறுத்தப்படும் துல்லியம் குறைந்த வீரர்களில் பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை. அதனால் உங்கள் தாளில் 6.9 என்பதை எச்சரிக்கையாகவே குறித்துக்கொள்ளுங்கள். அதன் அருகே வேறொரு கட்டத்தில், அந்த வீரரின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அவருடைய கையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். டிராஃப்ட் நடக்கும் முன்பே உங்கள் வரிசையைத் தேதியிட்டு வைத்து, மூன்று பருவங்கள் கழித்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.