வேலைத்தலத்தில் இறந்த பெடியனுக்கு, கனகாலம் கழித்து ஒரு கல்வெட்டு

கல்வெட்டு என்றால் இறந்தவரின் நினைவாக அச்சடிக்கிற சிறு புத்தகம். அதற்கு முதலில் அவர் இறந்த திதியைப் பிடியுங்கள். கலியாணம் கட்டாமல் போனவருக்கு இதுதான் சிக்கல். ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு, பிள்ளை இல்லாதவருக்கு யார் விரதம் பிடிப்பது? தாய் தகப்பன் இருக்கும்வரை திவசம் நடக்கும், அவர்களும் போனபிறகு பெறாமகனோ மருமகனோ பொறுப்பெடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் திதியே மறந்துபோகும்.

இறந்த திகதியை ஐயரிடம் கொடுத்தால் பழைய பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார். உயிர் போன நேரமும் வேண்டும், திதி நடுப்பகலிலும் மாறும். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பது உங்கள் வீட்டு வழக்கம், அதில் சண்டை பிடிக்காதீர்கள். திகதியே தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் மரணப் பதிவின் பிரதி கேளுங்கள், ஆனால் பதிவு இறந்த இடத்துப் பிரிவில்தான் நடந்திருக்கும், ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தால் சொந்த ஊரை அல்ல, அந்த ஆஸ்பத்திரி இருக்கிற பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

இனித்தான் பெரிய வேலை. நம்முடைய கல்வெட்டுகளில் விநாயகர் துதி, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, தேவாரம், புலம்பல் எல்லாம் வடிவாக வரும், ஆள் என்ன வேலை செய்தார், என்ன நடந்தது என்பது மட்டும் 'விபத்தில் அகால மரணம்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. கூட வேலை செய்தவர்களைத் தேடிப் போங்கள், அதுவும் கெதியாக. உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோனது, அங்கே நின்றவர்களில் இளையவர்களுக்கே இப்போது அறுபதை அண்டிவிட்டது.

எடுத்த எடுப்பில் விபத்தைக் கேட்காதீர்கள். எந்தச் சைக்கிளில் வருவார், மத்தியானம் யாரோடு இருந்து சாப்பிடுவார், சம்பளம் எடுத்த அன்று எங்கே போவார் என்று தொடங்குங்கள். என் சித்தப்பாவைப் பற்றி அவருடைய கூட்டாளி ஒருவர் சொன்னது: "வேலை முடிஞ்சா கிணத்தடியில நிண்டு காதுக்குள்ள இருக்கிற சீமெந்தைத்தான் முதல்ல கழுவுவான், பிறகுதான் சேட்டு மாத்துறது." வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. கல்வெட்டில் அப்படியே போட்டோம்.

விபத்தைப் பற்றி இரண்டு பேராவது ஒரேமாதிரிச் சொன்னதை மட்டும் எழுதுங்கள். இயந்திரத்துக்கு மூடி இல்லை என்றால் அதை எழுதலாம், மேற்பார்வையாளரின் பெயர் வேண்டாம், அவர் பதில் சொல்ல இப்போது இருக்கிறாரோ தெரியாது. அப்புறம், தகரப்பெட்டிக்குள் நட்டஈட்டுக் கடிதம் கிடக்கிறதா என்று பாருங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை வைத்துத்தான் தொகை கணக்கிடுவார்கள், ஆகவே அவர் எவ்வளவு உழைத்தார் என்பது அதில் இருக்கக்கூடும்.

படம் இல்லாத வீடுகள் கனக்க, இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது. பள்ளிக்கூடக் குழுப்படம், சொந்தக்காரரின் கலியாண அல்பம், வெளிநாட்டில் இருக்கிற மாமிமாரின் பெட்டி என்று தேடுங்கள். கிடைத்தால், ஸ்டூடியோக்காரர் கோட்டும் டையும் போட்டுத் தருகிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாழ்நாளில் கோட் போடாத பெடியன்.

அச்சடித்ததும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள், நினைவுமலர்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கிறார்கள். கூட வேலை செய்தவர்களைத் திவசச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அன்றே கையில் கொடுங்கள். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும், அவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள்.