பேக்லாக்கில் பாதுகாப்பை எழுதும் முறை

நிறுவனங்களுக்கான மென்பொருளில் பாதுகாப்பைத் தனி டிக்கெட்டாக எழுதி வைத்தால் அது பேக்லாக்கின், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலின், அடியிலேயே கிடக்கும். வாடிக்கையாளர் கேட்ட வசதிகள் ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் (குறுகிய வேலைச் சுற்றிலும்) அதை முந்திக்கொண்டு போகும். ஆகவே ஒரு வசதியை எழுதும்போதே, அதன் ஏற்பு நிபந்தனைகளுக்குள் (வேலை முடிந்தது என்று ஏற்க நிறைவேற வேண்டியவை) பாதுகாப்பையும் எழுதிவிடுவது ப்ராடக்ட் மேனேஜரின் வேலை.

பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பில்லிங் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘பயனர் இன்வாய்ஸைப் பதிவிறக்கலாம்’ என்று மட்டும் ஸ்டோரியில் (வசதியை விவரிக்கும் குறிப்பில்) எழுதினால், டெவலப்பர் அதைச் செய்து கொடுப்பார், டெஸ்டரும் பாஸ் போட்டுவிடுவார். பிறகு ஒரு நாள் யாரோ ஒருவர் பிரௌசர் முகவரியில் உள்ள 1041 என்ற எண்ணை 1042 என மாற்றி என்டரைத் தட்டுவார்; வேறொரு நிறுவனத்தின் இன்வாய்ஸ் திறந்துகொள்ளும். லாகினில் குறையே இல்லை. ‘இந்த இன்வாய்ஸ் இவருடைய நிறுவனத்துடையதா’ என்று சர்வர் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். இணைய மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முக்கியக் குறைபாடுகளின் 2017 பட்டியலில் ஐந்தாவதாக இருந்த இவ்வகைக் குறைபாடு, 2021 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

எனவே அந்த ஸ்டோரியில், வேறு நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்தால் சர்வர் 404 (‘அப்படி எதுவும் இல்லை’) என்றே பதிலளிக்க வேண்டும் என்று எழுதுங்கள். 403 (‘உங்களுக்கு அனுமதி இல்லை’) என்று சொன்னால், அப்படியோர் இன்வாய்ஸ் இருப்பதை நாமே காட்டிக்கொடுத்தவர்கள் ஆவோம். அதே நிறுவனத்தில் கணக்குப் பிரிவைச் சேராதவருக்குப் பட்டனை மறைத்தால் மட்டும் போதாது, அவருடைய கோரிக்கையைச் சர்வரும் மறுக்க வேண்டும். யார், எப்போது பதிவிறக்கினார் என்பது ஆடிட் லாகில் (செயல்களின் பதிவேட்டில்) பதிய வேண்டும். இவற்றைச் சோதிக்க, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கணக்குகளை டெஸ்டருக்குக் கொடுங்கள். ஒரே கணக்கை வைத்துக்கொண்டு இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

நாம் எழுதாத கோடுக்கும் நாமே பொறுப்பு. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே (Log4j) என்ற, ஜாவா மென்பொருள்களில் லாக் எழுதப் பயன்படும் ஆயத்தக் கோடு நூலகத்தில் 10க்கு 10 தீவிரம் கொண்ட ஓட்டை வெளிவந்தபோது, அந்த நூலகம் தங்கள் மென்பொருளில் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பல குழுக்களுக்கு நேரம் போயிற்று. அதைச் சரிசெய்ய முதலில் வந்த 2.15.0 பதிப்பு முழுத் தீர்வாக அமையாததால் அதே மாதத்தில் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அடுத்தடுத்து வந்தன. ஆகவே ஒவ்வொரு ரிலீஸுடனும் அதில் அடங்கிய நூலகங்களின் பட்டியலைத் தானாக உருவாக்கிச் சேமிக்கச் செய்யுங்கள். மென்பொருளைத் தங்கள் சர்வரிலேயே நிறுவியிருப்பவர்கள் நினைத்தவுடன் புதிய பதிப்புக்கு மாற மாட்டார்கள். எத்தனை பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்பு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) தருவோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இப்படியோர் ஓட்டை வெளிவரும்போது வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிவிப்பின் வடிவத்தையும், அதற்கு ஒப்புதல் தருபவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பாதிக்கப்பட்ட பதிப்புகள், பேட்ச் வரும்வரை செய்ய வேண்டிய தற்காலிக ஏற்பாடு, பேட்ச் வரும் நாள் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். நம் மென்பொருளுக்குப் பாதிப்பே இல்லை என்றாலும், அதைச் சொல்லி அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.