மான் வர ஓக் நடுகிறீர்களா?

கொட்டை தின்ன மான் வரட்டும் என்று ஓக் மரம் நடுபவர்கள் பலர் வெள்ளை ஓக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான் முதலில் தேடுவது அதைத்தான், சரி. ஆனால் அது பூத்த ஆண்டிலேயே காய்த்து உதிரும். வசந்தத்தில் பூ பனியில் கருகினால் அந்த இலையுதிர்காலத்தில் ஒன்றும் மிஞ்சாது. சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு பருவம் ஆகும். இந்த ஆண்டுப் பனி அதன் அடுத்த ஆண்டு விளைச்சலைத்தான் தொடும். ஆகவே இரண்டையும் கலந்து நடுங்கள்.

விதைக் கொட்டைகளை வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவற்றையும், குண்டூசி குத்தியதுபோல் வண்டுத் துளை உள்ளவற்றையும் தள்ளிவிடலாம். வெள்ளை ஓக் உதிர்ந்த கையோடு வேர்விடத் தொடங்கும், தாமதிக்காமல் ஊன்றுங்கள். சிவப்பு ஓக் ஒரு குளிர்காலத்தைக் கடந்துதான் முளைக்கும். ஓர் அங்குல ஆழம், கொட்டையைப் படுக்கவைத்து.

அப்புறம், கன்றை அந்த மானிடமிருந்தே காப்பாற்ற வேண்டும்! விட்டால் தளிரை மொட்டையடித்துவிடும். 5 அடி உயரக் குழாய் உறையோ கம்பிவலையோ போட்டு, நுனி அதைத் தாண்டி வளரும்வரை எடுக்காதீர்கள். வெள்ளை ஓக் நன்றாகக் காய்க்க 20 ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை, ஏற்கெனவே நிற்கும் பெரிய ஓக்கை நெருக்கும் மரங்களைக் கழித்து வெயில் விடுங்கள்.