கரையோர நிலத்தில் மண் பரிசோதனை: பினாங்கில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

பினாங்கின் பெருநிலக் கரையில் பட்டர்வொர்த், பிறை, ஜூரு பக்கமுள்ள பழைய தாமான்களில் (குடியிருப்புகளில்) வீடு நேராக நிற்கும், கார் நிறுத்தும் தரையும் வாசல் கால்வாயும் மட்டும் கீழே இறங்கியிருக்கும். வீட்டைத் தாங்குவது பைல், அதாவது தரைக்குள் ஆழமாக இறக்கிய தூண். சுற்றியுள்ள தரைக்கு அடியிலோ மென்களிமண், பல இடங்களில் 10 மீட்டருக்கும் மேல். பின்பக்கம் பைல் இல்லாமல் சமையலறையை நீட்டிக் கட்டியவர்களின் சுவரில், பழைய கட்டடமும் புதியதும் சேரும் இடத்தில்தான் விரிசல் விழுகிறது. வீடானாலும் கோயில் மண்டபமானாலும், கட்டுவதற்கு முன் செய்யும் மண் பரிசோதனையில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது.

“பக்கத்து லாட்டில் ஏற்கெனவே போர்ஹோல் (பரிசோதனைத் துளை) போட்டிருக்கிறார்கள், அந்த ரிப்போர்ட் போதும்” என்பார்கள். போதாது. கரையோரத்தில் பழைய ஓடை, சதுப்புக்காடு, மீன்குளம் எல்லாம் மண் கொட்டி மூடப்பட்டுக் கிடக்கின்றன. ஒரே லாட்டுக்குள்ளேயே களிமண்ணின் ஆழம் மாறும். பழைய வரைபடங்களைப் பாருங்கள். அந்தப் பக்கத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடமும் கேளுங்கள். அலுர் (ஓடை) எங்கே ஓடியது, எந்த மூலையில் தண்ணீர் நின்றது என்று அவர்கள் கைகாட்டும் இடத்தில் ஒரு போர்ஹோல் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, கருவிக்கு மீறிய நம்பிக்கை. மெக்கின்தோஷ் புரோப் மலிவானது. ஒரு கம்பியை மண்ணுக்குள் இறக்க, 5 கிலோ சுத்தியலை 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு அடிகளை எண்ணுவார்கள். மேல்மண்ணின் பலவீனத்தைத் தேட அது நல்ல கருவிதான். ஆனால் ஒரு மணல் அடுக்கிலோ கல்லிலோ முட்டி நின்றாலும் ‘கெட்டி மண் வந்துவிட்டது’ போலத் தெரியும். கீழே மறுபடி களிமண் இருந்தால் அதற்குத் தெரியாது. போர்ஹோலுக்குள் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கும் எஸ்.பி.டி. சோதனைக்கும் எல்லை உண்டு. 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீட்டர் விழும் அந்தச் சோதனையில், மென்களிமண்ணுக்குள் கம்பி தன் எடையிலேயே இறங்கிவிடும். அடிகளின் எண்ணிக்கையான ‘என்’ மதிப்பு பூஜ்யம் என்று எழுதி வைத்தால் மண் எவ்வளவு பலவீனம், எத்தனை வருஷம் இறங்கும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? அதற்கு, மண்ணுக்குள் தகட்டைத் திருப்பி வலிமை அளக்கும் வேன் ஷியர் சோதனை வேண்டும், பிஸ்டன் குழாயில் கலையாமல் எடுத்த மாதிரி வேண்டும், அதை வைத்து ஆய்வுக்கூடத்தில் அமுக்கச் சோதனையும் வேண்டும். அப்படி எடுத்த குழாயை மெழுகு அடைக்காமல் வெயிலில் போட்டு, பிறகு லாரியில் குலுக்கிக்கொண்டு போனால் மாதிரி கெட்டுவிடும். ஆய்வுக்கூடம் அதற்கும் ஓர் எண் தரும். அந்த எண்ணை நம்பித்தான் டிசைன் போகும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து, பரிசோதனை முடிந்த பிறகு மனையை 1 மீட்டர் உயர்த்தத் தீர்மானிப்பார்கள். 1 மீட்டர் மண் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 2 டன் புதிய சுமை. களிமண் இறங்கும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். கட்டடத்தின் எடையோடு இதையும் பைல் தாங்கியாக வேண்டும். ஆகவே எவ்வளவு மண் கொட்டப் போகிறோம் என்பதை முதலிலேயே எஞ்சினியரிடம் சொல்லிவிடுங்கள்.

பினாங்குத் தீவின் பக்கம் பிரச்சினை வேறு. தஞ்சோங் பூங்கா போல மலையடிவாரம் கடலைத் தொடும் இடங்களில் கருங்கல் மக்கி மண்ணாகும்போது மக்காத பெரிய உருண்டைகள் நடுவில் தங்கிவிடும். துளைக்கருவி அதில் முட்டியதும் பாறை வந்துவிட்டது என்று 1.5 மீட்டர் மட்டும் கோர் (உருளையாக வெட்டிய பாறை மாதிரி) எடுத்து மூடினால் ஆபத்து. உருண்டைக்குக் கீழே மறுபடி மண் இருக்கலாம். இன்னும் சில மீட்டர் தொடர்ந்து துளைத்து உறுதி செய்ய வேண்டும்.

நிலத்தடித் தண்ணீர் மட்டத்தை ஒரே முறை அளந்து விடுவதும் தவறு. துளைக்க ஊற்றிய தண்ணீரே போர்ஹோலில் நிற்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்குகிற ஊர் இது. குழாய் பதித்துப் பல நாள், வேறு வேறு நேரங்களில் அளக்கச் சொல்லுங்கள். அரிக்கும் உப்புகளான குளோரைடு, சல்பேட் இரண்டுக்கும் சோதனை சேரட்டும். கான்கிரீட்டும் கம்பியும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கப் போகின்றன.

இவை எல்லாம் சரியாக இருந்தும் துளைக்கும்போது மேற்பார்வைக்கு ஆள் இல்லையென்றால் ரிப்போர்ட்டை எப்படி நம்புவது? விலைப்புள்ளியில் மீட்டர் விலையை மட்டும் பார்க்காமல், தளத்தில் யார் முழுநேரம் நிற்பார் என்று கேளுங்கள். போர்ஹோல் இருந்த இடமும் தரை உயரமும் சர்வே செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். கோர் பெட்டிகளையும் அவற்றின் படங்களையும் பைலிங் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். எதிர்பார்த்த ஆழத்துக்கு முன்பே பைல் நின்றுவிட்டால், காரணம் தேட எஞ்சினியர் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பெட்டிகளைத்தான்.