வாங்காத வாட்சுக்கு வந்த பற்று: நாளை எண்ணத் தெரியாமல் நாம் இழக்கும் பணம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதியும் வருமான வரிப் படிவங்களைத் தாக்கல் செய்தும் பிழைப்பு நடத்துகிறவன் நான். என்னிடம் தொழில் பழக வந்திருக்கும் இருவர், விலையுயர்ந்த வாட்ச் ஒன்றின் பெயரில் பற்று விழுந்த, அதாவது பணம் கழிக்கப்பட்ட, வங்கி ஸ்டேட்மென்டை ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், பின் எண்ணைக் கார்டின் பின்புறம் எழுதாதீர்கள் என்பன எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

கடைப் பலகையில் உள்ள பெயரை ஸ்டேட்மென்டில் தேடுவது

ஸ்டேட்மென்டில் அச்சாகும் பெயர் பெரும்பாலும் கடையை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயராக இருக்கும். பலகையில் எழுதியிருக்கும் பெயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஓசூரில் ஆலை தொடங்கி வாட்ச் செய்த டைட்டன் நிறுவனம்தான் தனிஷ்க் நகைக்கடைகளையும், கண்ணாடிக் கடைகளையும், தனேரா புடவைக் கடைகளையும், பல வெளிநாட்டு வாட்ச்களை விற்கும் ஹீலியோஸ் கடைகளையும் நடத்துகிறது. ஆகவே அந்தப் பெயரைக் கண்டதும் வாட்ச் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் முடிவு கட்டியிருக்கிறேன். ஓர் ஆசிரியையின் கார்டை அவசரமாக முடக்கச் சொல்லி, புகாரும் எழுதிக் கொடுத்த பிறகு, அவர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது போன மாசம் வாங்குனதுங்க" என்றார்.

வங்கிச் செயலிகள் செலவை வகை பிரித்துக் காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புகளின் விதிப்படி ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க வணிக வகை எண் ஒன்று தரப்படுகிறது. நகை, வாட்ச், சுவர்க்கடிகாரம், வெள்ளிப் பாத்திரம் ஆகிய எல்லாவற்றுக்கும் 5944 என்ற ஒரே எண்தான். கம்மல் வாங்கியவருக்குச் செயலி வாட்ச் படத்தைக் காட்டுவது இதனால்தான்.

ஒரே வாட்சை மூன்று வாட்சாக எண்ணுவது

தவணையில் வாங்கிய பொருளுக்கு முதலில் முழுத் தொகையும் பற்றாகும். பிறகு அது தவணையாக மாற்றப்பட்டதும் அதே தொகை வரவாகத் திரும்பும். அதன்பின் முதல் தவணை, வட்டி, வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., சில வங்கிகளில் செயலாக்கக் கட்டணம் என்று பதிவுகள் நீளும். வரவுப் பக்கத்தைப் பார்க்காதவருக்கு மூன்று முறை ஏமாந்ததாகத் தோன்றும்.

துபாயிலோ ஷார்ஜாவிலோ வாங்கியதாக இருந்தால், பணம் கடைக்குத் தீர்வாகும் நாளின் மாற்று விகிதம்தான் கணக்கில் வரும். வாங்கிய நாளின் விகிதத்தை வைத்துப் பெருக்கினால் தொகை ஒத்துவராது. அயல்நாட்டு நாணயத்துக்கான மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தனிப் பதிவுகளாகப் பின்னால் வரலாம். கடைக்காரர் "ரூபாயிலா, திர்ஹாமிலா?" என்று கேட்கும்போது ரூபாய் என்று சொல்லிவிட்டால், மாற்று விகிதத்தை வைப்பது அவர் பக்கம், அது நமக்கு அநேகமாகப் பாதகமாகவே இருக்கும்.

பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் ஒரு சதவீதத்தை டி.சி.எஸ். என்று, அதாவது வாங்குபவரின் வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே, வசூலிக்கிறார். பன்னிரண்டு லட்ச ரூபாய் வாட்சுக்குப் பன்னிரண்டாயிரம் கூடுதலாகப் பற்றானால் அது மோசடி அல்ல; வருமான வரிப் படிவத்தில் கழித்துக்கொள்ளக் கூடிய தொகை. எங்கள் பகுதியில் அத்தகைய வாட்ச் கட்டியவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரும் முழுக்கைச் சட்டையால் அதை மூடியே வைத்திருப்பார்.

"நீங்கள் வாங்கவில்லையெனில் அழைக்கவும்" என்று குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அழைப்பது

அழைக்காதீர்கள். கார்டின் பின்புறம் அச்சிட்ட எண் போதும்.

எந்த ஊர் விடுமுறையைக் கழிப்பது என்று தெரியாமல் நாள் எண்ணுவது

இதைச் சற்று விரித்தே எழுத வேண்டும். என் தொழிலில் இன்றும் என்னை உறுத்துகிற தவறு இது.

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் பக்கமும் நம் பக்கமும் குறையில்லாமல் மூன்றாம் ஆள் ஒருவர் புகுந்து பணத்தை எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த பின் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் பத்தாயிரம் வரை நம் தலையில் விழும். ஐந்து லட்சத்துக்கு மேல் வரம்புள்ள கிரெடிட் கார்டில் இருபத்தைந்தாயிரம் வரை. ஏழு நாளும் கடந்துவிட்டால் வங்கியின் சொந்தக் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாதது ஒரே ஒரு வரி: வேலை நாட்களை வாடிக்கையாளரின் கணக்கு இருக்கும் கிளையின் வேலை அட்டவணைப்படி, தகவல் வந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்பது.

2023-ஆம் ஆண்டு ஓணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு 25 இரவு, எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி ஒருவருடைய டெபிட் கார்டில், வெளிநாட்டு வாட்ச் விற்பனைத் தளம் ஒன்றின் பெயரில் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் பற்றாயிற்று. மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்தவர், திரும்பி வந்து மூட மறந்துவிட்டார். சில அயல்நாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் எடுத்துவிடும். அவருக்கோ மகன் மேல்தான் சந்தேகம். பண்டிகை நாளில் பெற்ற பிள்ளையிடம், "நீயா எடுத்தாய்?" என்று போனில் கேட்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, யார் காதிலும் விழாதபடி, "என்னங்க பண்றது?" என்றார்.

சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து நான் கணக்குப் போட்டேன். சனி நான்காம் சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை 'முதல் ஓணம்', செவ்வாய் திருவோணம், வியாழன் நாராயண குரு ஜயந்தி. வேலை நாள் என்பது புதன், வெள்ளி, அடுத்த சனி. "சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குதுங்க, பையன்கிட்ட நிதானமாப் பேசுங்க" என்று பெரிய மனிதனைப் போலச் சொல்லி அனுப்பினேன். மகன் தான் வாங்கவில்லை என்று வியாழன் இரவில் சொன்னான். வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 1 அன்று, இருவரும் கிளைக்குப் போனோம்.

அந்தக் கிளை இருந்தது பொள்ளாச்சியில். எல்லைக்கு இந்தப்பக்கம் குடியிருந்து, மண்டிக்காக அந்தப்பக்கம் கணக்கு வைத்திருப்பவர்கள் எங்களில் பலர். பொள்ளாச்சிக் கிளைக்குத் திங்களும் வேலை நாள், திருவோணச் செவ்வாயும் வேலை நாள், வியாழனும் வேலை நாள். என் நாட்காட்டியில் இரண்டாம் நாளாக இருந்த வெள்ளி, அவர்கள் அட்டவணையில் ஐந்தாம் நாள். மீதிப் பணம் திரும்பியது, பத்தாயிரம் போயிற்று. அதில் பாதியை நான் தருவதாகச் சொன்னேன், அவர் வாங்க மறுத்துவிட்டார். ஆனால் அடுத்த ஆண்டு அவருடைய வரிக் கணக்கு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. பத்தாயிரத்தைவிட அது எனக்கு அதிகம் வலித்தது.

இந்தப் பொங்கலுக்கு என் உதவியாளர் இதையே தலைகீழாகச் செய்தார். கணக்கு சித்தூர்க் கிளையில். சித்தூர் என்றால் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாவற்றையும் அவர் விடுமுறையாகக் கழித்துவிட்டார். கேரளக் கிளைகள் அந்த நாட்களில் திறந்திருந்தன. இம்முறை நான் பக்கத்தில் இருந்ததால் அன்றைக்கே தெரிவித்துவிட்டோம்.

உண்மையில் எண்ணவே தேவையில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் பகுதி. புகாரைப் பெற வங்கிகள் இருபத்து நான்கு மணி நேரமும் வழி வைத்திருக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கிளை பூட்டியிருந்தாலும் தொலைபேசியில் கார்டை முடக்கிப் புகார் எண் பெறலாம். கார்டை முடக்குவது மகன்மேல் குற்றம் சாட்டுவதாகாது. முடக்கிவிட்டு விசாரித்து, அவன்தான் வாங்கினான் என்று தெரிந்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போகிறது. நாமே கார்டு விவரத்தைக் கொடுத்து வீட்டார் ஒருவர் வாங்கியிருந்தால், அது அனுமதியற்ற பரிவர்த்தனையே அல்ல என்பதால் அந்தப் புகார் எப்படியும் நிற்காது. விசாரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஒரு ரூபாய்தானே என்று விடுவது

திருடிய கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சிறு தொகையில் சோதித்த பிறகுதான் பெரிய தொகையில் கை வைப்பார்கள். தெரியாத பெயரில் ஒரு ரூபாயோ ஒரு டாலரோ போயிருந்தால் அன்றே முடக்குங்கள்.

புகாரில் கதை எழுதுவது

எங்கள் பகுதியில் படிவம் மலையாளத்தில் இருக்கும், ஸ்டேட்மென்ட் ஆங்கிலத்தில் இருக்கும், கோபம் மட்டும் தமிழில் வரும். எனவே கடிதம் மூன்று பக்கத்துக்கு நீள்வது இயல்பு. தேவையானவை சிலவே: தொகை, பரிவர்த்தனையின் தேதியும் நேரமும், ஸ்டேட்மென்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் கடையின் பெயர், குறிப்பு எண், குறுஞ்செய்தி வந்த நேரம், தொலைபேசியில் தெரிவித்த நேரம், கிடைத்த புகார் எண். "மகன் எடுத்திருப்பானோ என்று முதலில் நினைத்தேன்" என்று தேங்காய் வியாபாரி தம் கைப்பட எழுதிய வரியை நான் அடித்தேன். அந்த ஒரு திருத்தமாவது சரியாக அமைந்தது, ஏனென்றால் வாடிக்கையாளர் பக்கம் பொறுப்பு உண்டு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது; அதற்கான சான்றை நாமே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். வங்கியோடு சேர்த்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் அன்றே பதிந்துவிடுங்கள். வங்கி முப்பது நாள் வரை பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, 2021-இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே முதலில் கேட்பது வங்கிக்கு எழுத்தில் கொடுத்த புகாரின் நகலை. தேங்காய் வியாபாரியின் நகல் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அவர் அதைக் கேட்டு வரவில்லை.