காட்டில் நடக்கும் தவறு மேசையில்தான் தெரியும்: வன உயிரியல் ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டியவை

வன உயிரியலில் முதுகலையோ முனைவர் பட்டமோ செய்ய வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை கெட்டுப்போனால் அடுத்த வாரம் மறுபடி செய்து பார்க்கலாம். காட்டில் அது நடக்காது. பூக்கும் பருவம் போனால் போனதுதான். முதல் வருடம் அளக்காமல் விட்ட மரத்தின் அளவை எந்தப் புள்ளியியலாலும் பின்னால் வரவழைக்க முடியாது. தவறு நடப்பது களத்தில். அது கண்ணில் படுவதோ இரண்டு மூன்று வருடம் கழித்து, தரவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுத உட்காரும்போது. அதனால் இங்கே சொல்வதில் பெரும்பாலானவை முதல் களப் பயணத்துக்கு முன்பே யோசித்து முடிக்க வேண்டியவை.

பட்டத்தின் காலமும் மரத்தின் காலமும்

முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் களத்துக்குக் கிடைப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று பருவங்கள். மரம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளில் ஓங்கி நிற்கும் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள் ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்ப்பது இரண்டிலிருந்து பத்து வருட இடைவெளியில், அதுவும் ஒழுங்கில்லாமல். நாற்றுகள் எப்படிப் பிழைக்கின்றன என்று தலைப்பு எடுத்துக்கொண்டு போனவருக்கு மூன்று பருவமும் தேவையான விதை கிடைக்காமல் போகலாம். ஓக், பீச் மரங்களிலும் நல்ல காய்ப்பு வருடம் விட்டுவிட்டுத்தான் வரும். கிடைத்த வருடத்தில் விதையைச் சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. ஓக், டிப்டெரோகார்ப் விதைகளைக் காயவைத்தால் செத்துவிடும். டிப்டெரோகார்ப் விதைகள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள்ளேயே முளைப்புத்திறனை இழந்துவிடும்.

ஆகவே ஒரே ஒரு இயற்கை நிகழ்வை நம்பி முழு ஆய்வேட்டையும் கட்டாதீர்கள். காய்ப்பு வந்தாலும் வராவிட்டாலும், மழை பொய்த்தாலும் பொய்க்காவிட்டாலும் எழுதி முடிக்கக்கூடிய ஒரு அத்தியாயமாவது கையில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே இருக்கும் நீண்டகாலத் தரவு பெரிய துணை.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீஃபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் தொடங்கிய 50 ஹெக்டேர் பிளாட் (எல்லை குறித்து அளக்கும் ஆய்வு நிலம்) இருக்கிறது. 1 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு தண்டையும் 1980களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அங்கே அளந்து வருகிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், சுமார் 300 இனங்கள். அதே முறையைப் பின்பற்றும் பிளாட்டுகள் இப்போது ஃபாரஸ்ட்ஜியோ என்ற வலையமைப்பில் பல நாடுகளில் இருக்கின்றன. ஒரு மாணவர் தனியாக இதை ஈடுகட்டவே முடியாது. முதிர்ந்த வெப்பமண்டலக் காட்டில் ஒரு வருடத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மரங்கள்தான் சாகும். நீங்கள் 200 மரங்களை மூன்று வருடம் பார்த்தால் செத்தவை ஆறோ பன்னிரண்டோ இருக்கும். அதை வைத்துக்கொண்டு வறட்சியால் செத்ததா, நோயால் செத்ததா, நிழலால் செத்ததா என்று பிரிக்க வழியில்லை.

சொந்தக் கையால் சேர்த்த தரவுதான் உண்மையான ஆய்வு என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. ஆனால் பழைய தரவை எடுத்தால், அதைச் சேர்த்தவர்களிடம் முதலில் பேசுங்கள். எந்த வருடம் குழு மாறியது, எந்த மரத்தில் அளக்கும் இடத்தை மேலே நகர்த்தினார்கள் என்பதெல்லாம் கோப்பில் பாதிதான் இருக்கும். மீதி அவர்கள் நினைவில் இருக்கும்.

நூறு மரம், ஆனால் ஒரே ஒரு காடு

ஆய்வேடுகளில் நான் மிக அதிகமாகப் பார்ப்பதும் திருத்தவே முடியாமல் போவதும் இந்தத் தவறுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தீ மரங்களின் வளர்ச்சியைக் குறைக்கிறதா என்பது கேள்வி. மாணவர் ஒரு எரிந்த காட்டுக்குப் போய் 100 மரங்களை அளக்கிறார். பக்கத்தில் எரியாத காட்டில் இன்னொரு 100. சராசரியில் வித்தியாசம் தெரிகிறது, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டால் பி-மதிப்பு 0.001, அதாவது வித்தியாசமே இல்லாவிட்டால் இப்படி ஒரு முடிவு வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான். மகிழ்ச்சியாக எழுதத் தொடங்குகிறார். ஆனால் அவர் ஒப்பிட்டது இரண்டு இடங்களை. எரிந்த சரிவில் மண் ஆழம் குறைவாக இருக்கலாம். மேற்குப் பார்த்த சரிவாக இருப்பதால் முதலிலிருந்தே காய்ந்த இடமாக இருக்கலாம், தீ பிடித்ததற்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம். தீ வந்தது ஒரு முறை, ஒரு காட்டின் மேல். அப்படியானால் ரெப்ளிகேட், அதாவது காரணி தனித்தனியாக விழுந்த அலகு, எரிந்த பக்கம் ஒன்று, எரியாத பக்கம் ஒன்று. மரங்களை ஆயிரமாகக் கூட்டினாலும் அந்த ஒன்று ஒன்றாகவே இருக்கும்.

ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் போலி ரெப்ளிகேஷன் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, 176 சூழலியல் களச் சோதனைகளை ஆராய்ந்து எழுதினார். புள்ளியியல் சோதனை செய்து முடிவு சொன்ன ஆய்வுகளில் கிட்டத்தட்ட பாதியில் இந்தத் தவறு இருந்தது. நாற்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் நடக்கிறது. ஏனென்றால் களத்தில் நிற்கும்போது மரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அதை எண்ணுவதுதான் இயல்பாக வருகிறது.

தப்பிக்க ஒரு கேள்வி போதும்: நான் ஆராயும் காரணி எதன் மேல் தனித்தனியாக விழுந்தது? மரத்துக்கு மரம் உரம் போட்டீர்கள் என்றால் மரம்தான் அலகு. ஒரு சரிவு முழுதும் எரிந்தது என்றால் சரிவுதான் அலகு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் எரிந்த ஆறு திட்டுகள், எரியாத ஆறு திட்டுகள், ஒவ்வொன்றிலும் 15 மரம் என்று அளந்தால் மொத்தம் 180 மரம்தான். முன்பு அளந்த 200-ஐ விடக் குறைவு, ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி இதற்குத்தான் உண்டு. பிறகு மிக்ஸ்டு மாடல் (ஒரே திட்டின் மரங்களை ஒரு குழுவாகக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். திட்டு இரண்டே இரண்டு என்றால் எந்த மாடலாலும் திட்டின் குணத்தையும் தீயின் விளைவையும் பிரிக்க முடியாது.

அப்படியானால் ஒரே ஒரு இடத்தில் நடந்ததை ஆராயவே கூடாதா என்று கேட்பார்கள். ஆராயலாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965-இன் பிற்பகுதியில் ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை வெட்டிப் பார்த்தார்கள். ஓடைநீரில் நைட்ரேட் பல மடங்கு கூடியது. ரெப்ளிகேட் இல்லாத சோதனைதான். ஆனால் 1963-இலேயே நீரின் வேதியியலை ஆராயத் தொடங்கியிருந்ததால் வெட்டுவதற்கு முந்தைய பதிவு கையில் இருந்தது. பக்கத்து நீர்ப்பிடிப்புப் பகுதி வெட்டப்படாமல் ஒப்பீட்டுக்கு நின்றது. வந்த மாற்றமும் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்குப் பெரியது. உங்களிடம் முந்தைய பதிவும் இல்லை, மாற்றமும் சிறியது என்றால் அந்தப் பாதையில் போகாதீர்கள்.

டேப்பைச் சுற்றும் அந்த ஒரு நிமிடம்

மரத்தின் விட்டத்தை மார்பு உயரத்தில் அளக்க வேண்டும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலான நாடுகளில் அது 1.3 மீட்டர், அமெரிக்காவில் 1.37. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் எடுக்கும் முறையும் உண்டு, பள்ளப் பக்கத்திலிருந்து எடுக்கும் முறையும் உண்டு. எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் முதல் நாளே எழுதி வையுங்கள். பலகை வேர் உள்ள மரத்தில் வேர் முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே அளப்பது வழக்கம். அந்த உயரத்தையும் பதிந்து, தண்டில் பெயிண்ட் கோடு போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறொருவர் வேறு இடத்தில் அளப்பார், மரம் இளைத்துப்போனதாகக் கணக்கு வரும்.

கொடியைப் பார்ப்போம். 40 செ.மீ. விட்டமுள்ள தண்டில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கொடி ஏறியிருக்கிறது. அதைத் தூக்கி டேப்பை அடியில் நுழைக்கச் சோம்பல்பட்டு மேலாகவே சுற்றினால் சுற்றளவு சுமார் 4 மி.மீ. கூடும், விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடும். நிழலில் நிற்கும் பல வெப்பமண்டல மரங்கள் ஒரு வருடம் முழுக்க வளர்வதே அவ்வளவுதான். கொடிக்கு மேல் சுற்றிய ஒரு தடவையில் ஒரு வருட வளர்ச்சி வந்துவிட்டது, அல்லது மறைந்துவிட்டது.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு தவறு உண்டு. வளர்ச்சி மைனஸில் வந்த மரங்களை ‘அளவுப் பிழை’ என்று சொல்லி நீக்கிவிடுவார்கள். மரம் சுருங்காதே என்பது காரணம். முதலாவது, தண்டு வறண்ட காலத்தில் உண்மையிலேயே கொஞ்சம் சுருங்கும். இரண்டாவது, பிழை இரண்டு பக்கமும் நடக்கும். கீழே போன பிழைகளை மட்டும் எடுத்துவிட்டு மேலே போனவற்றை வைத்துக்கொண்டால் காடு நிஜத்தை விட வேகமாக வளர்வதாகத் தெரியும். நூற்றுக்கு ஐந்து மரங்களையாவது, முதல் அளவைப் பார்க்காமல், வேறொருவரைக் கொண்டு மறுபடி அளந்து உங்கள் பிழை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விட்டத்திலிருந்து உயிர்த்திரளுக்கு, அதாவது மரத்தின் உலர் எடைக்கு, போகும்போது பிழை பெருகும். உயிர்த்திரள் ஏறக்குறைய விட்டத்தின் 2.5 அடுக்காகக் கூடுவதால், விட்டத்தில் 5 சதவீதப் பிழை உயிர்த்திரளில் 13 சதவீதம் ஆகிறது. மர அடர்த்தியிலும் கவனம் வேண்டும். அடுப்பில் உலர்த்திய எடையைப் பச்சைக் கன அளவால் வகுத்த எண்ணும், 12 சதவீத ஈரத்தில் எடுத்த எண்ணும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து வைத்திருக்கும் அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். பிளாட் போடும்போது தூரத்தைத் தரையோடு அளப்பதும் இதே வகைத் தவறு. 30 டிகிரி சரிவில் தரையில் 20 மீட்டர் என்பது கிடைமட்டத்தில் 17.3 மீட்டர்தான். உங்கள் 400 சதுர மீட்டர் பிளாட் உண்மையில் 346.

வளையம், பெயர், அனுமதி

மரத்தின் வளையங்களை எண்ணினாலே வயது வந்துவிடாது. கடும் வறட்சி வருடத்தில் வளையமே விழாமல் போகும், சில வருடங்களில் ஒன்றுக்குப் பதில் கூடுதலாக ஒரு பொய் வளையம் விழும். பல மரங்களின் வளைய வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் வருடம் குறிக்க வேண்டும். ஏ. இ. டக்ளஸ் நிலைநிறுத்திய அந்த முறையைத் தவிர்த்துவிட்டு வரும் வயதுகளை நம்ப வேண்டாம்.

இனப் பெயர் தெரியாத செடிக்கு ‘இனம் 1’, ‘இனம் 2’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அடுத்த பருவத்தில் எது எது என்று உங்களுக்கே தெரியாது. சான்று மாதிரி எடுத்து, அழுத்தி உலர்த்தி, எண் போட்டு ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) கொடுங்கள். பெயர்கள் பின்னால் மாறும், மாதிரி மாறாது.

அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். மாதிரிகளை வேறு நாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், மரபு வளங்களை எடுப்பதையும் அவற்றின் பலனைப் பகிர்வதையும் பற்றிய, 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தமும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. 1964-இல் அமெரிக்காவின் நெவாடாவில் டொனால்ட் கரி என்ற ஆய்வு மாணவர் ஒரு பிரிசில்கோன் பைன் மரத்தை வெட்டினார், வனத்துறை அனுமதியோடுதான். வளையங்கள் 4,800-க்கும் மேல் வந்தன. அதுவரை வயது கணக்கிடப்பட்ட மரங்களிலேயே மூத்தது அது. வெட்டாமல் பதில் கிடைக்குமா என்று ஒரு முறை கூடுதலாகக் கேட்டுக்கொள்வதில் எந்த நஷ்டமும் இல்லை.

படிக்கும்போது

1997-இல் சுசான் சிமார்டும் குழுவினரும் பேப்பர் பிர்ச், டக்ளஸ் ஃபர் நாற்றுகளுக்கிடையே கார்பன் கைமாறுவதை அளந்து வெளியிட்டார்கள். அதிலிருந்து, மரங்கள் பூஞ்சை வலைப்பின்னல் வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் தன் கன்றுகளுக்கு ஊட்டுகிறது என்பது வரை பேச்சு வளர்ந்தது. 2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸெமா மூவரும் களச் சான்றுகளை அலசி, அந்தப் பரவலான கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். மூலக் கட்டுரை சொல்லாததையெல்லாம் அது சொன்னதாக மேற்கோள் காட்டும் பழக்கம் கூடிக்கொண்டே வந்ததையும் காட்டினார்கள். ஜோன்ஸ் 1997 கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஒருவர். இதை நான் மிகவும் மதிக்கிறேன். நீங்கள் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையின் முறைப் பகுதியையாவது படியுங்கள். எத்தனை நாற்று, எத்தனை பிளாட், எத்தனை நாள் என்பது அங்கேதான் இருக்கும்.

முக்கியப் பருவத்துக்கு முன் ஒரு வாரம்

இவ்வளவையும் ஒன்றாக நினைவில் வைப்பது கஷ்டம். அதனால் ஒரு யோசனை. முக்கியக் களப் பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, இருபதே மரங்களை வைத்து எல்லாவற்றையும் செய்து பாருங்கள். களப்படிவத்தை நிரப்புங்கள், மழையில் நனையவிட்டு எழுத்து நிற்கிறதா என்று பாருங்கள். பென்சில் நிற்கும், பால்பாயின்ட் பல சமயம் கரையும். செத்த மரத்துக்கு என்ன எழுதுவது, கண்டுபிடிக்க முடியாத மரத்துக்கு என்ன எழுதுவது, அளக்காத கட்டத்தை வெறுமையாக விடுவதா பூஜ்யம் போடுவதா என்று அங்கேயே முடிவாகட்டும். உங்களோடு வரும் களப் பணியாளர்களிடம் படிவத்தைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அந்தக் காட்டில் வருடக்கணக்காக நடக்கிறவர்கள் அவர்கள். எந்த மரம் எப்போது காய்க்கும், எந்தப் பாதை மழையில் மூழ்கும் என்று அவர்கள் சொல்வது உங்கள் திட்டத்தை மாற்றினால், ஆய்வேட்டில் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

திரும்பி வந்ததும் அந்த இருபது மரங்களின் தரவைக் கணினியில் ஏற்றி, கடைசி அத்தியாயத்தில் வரவேண்டிய வரைபடத்தை இப்போதே வரையுங்கள். எண்கள் போதாது, பரவாயில்லை. எந்த அச்சில் எது வரும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மரமா ஒரு திட்டா என்பது தெரிய வேண்டும். அதில் தடுமாறினால் நெறியாளரிடம் போய் உட்காருங்கள், பருவம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது.